ஏசிக்குத் தண்ணீர் விட்ட கோடை

எங்கள் ஏசி சரியாகக் குளிரவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது என் மனைவியின் இடது கால்.

போன கோடையில் ஒரு நாள். ரிமோட் இருபத்துநான்கு என்று காட்டியது. உள்ளே மாட்டியிருக்கும் பெட்டியிலிருந்து காற்றும் வந்துகொண்டிருந்தது. வெயில் ஏறிய நேரத்தில் கட்டிலை விட்டு எழுந்தவள், பீரோவின் கைப்பிடியைத் தொடுவதற்கு முன்பே நின்று, மெல்லத் திரும்பி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரூம்பு சூடாயிடுச்சிங்க."

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஓடுது. குளுரல. என் காலு சொல்லுது."

சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் போய்ப் பார்த்தேன். இருபத்தொன்பது. முந்தைய நாள் அதே வேளையில் இருபத்தைந்து. நாலு டிகிரி ஏறியிருக்கிறது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டே இருக்கும் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் பார்க்காத அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவளுக்கு இருப்பது நரம்பு நோய். நரம்புகளின் மேலுறை ஆங்காங்கே அரித்துப்போய்விடுகிறது. புதுச்சேரி மருத்துவர் ஒரு தாளில் கம்பி ஒன்றை வரைந்து, அதன் மேலுறை உரிந்திருப்பது போல நாலைந்து கோடுகள் போட்டுக் காட்டினார். அனல் மின் நிலையத்தில் ஆபரேஷன் பிரிவில் ஷிப்ட் பார்த்து ரிட்டையர் ஆனவன் நான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தேவைக்கு அதிகமாகவே புரிந்துவிட்டது. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலும், உரிந்த இடத்தைத் தாண்டிக் காலுக்குச் செய்தி போகாது. உடம்பு குளிர்ந்தால் மறுபடி போகும். குளிர்ந்த அறையில் அவள் மெதுவாக நடக்கிற ஒரு பெண்மணி. சூடான அறையில், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஆள்.

இந்த நோய் வந்த பிறகு அவள் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குளியலறைக்குத் தானாகப் போக வேண்டும், தானாகத் திரும்ப வேண்டும். யாரும் கூட வரக் கூடாது. குளியலறை அறையை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் போகும் வழியில் அவள் பிடித்துக்கொண்டு நிற்கும் இடங்கள் நான்கு: கட்டில் கால், பீரோ, கதவு நிலை, குளியலறை ஜன்னலின் விளிம்பு. நிற்கும் இடத்தில் சும்மா நிற்க மாட்டாள். பார்த்துக்கொண்டு நிற்பாள். பீரோவுக்குப் பின்னால் எறும்பு வரிசை கட்டுகிறது, நிலையின் கீழ்க் கீல் தளர்ந்திருக்கிறது, பின்பக்கத்துக் கறிவேப்பிலையில் பூச்சி விழுந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறை போய்வரும்போதும் வீட்டைப் பற்றி ஒரு தகவலாவது கொண்டுவருவாள். நாள் முழுவதும் வீட்டைச் சுற்றிவரும் எனக்கு அதில் பாதி கூடத் தட்டுப்படாது.

நாங்கள் இருக்கும் மின் நிலையக் குவார்ட்டர்ஸ் எங்கள் மகள் பெயரில் இருக்கிறது. என் பெயரில் இருந்ததை நான் ரிட்டையர் ஆனதும் காலி செய்தாயிற்று. மகளுக்கு வேலை பர்மனென்ட் ஆன பிறகு, வேறொரு பிளாக்கில் அவளுடைய வீட்டுக்குப் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தோம். அறை சூடான அந்த நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த மகள், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம்மா. சரியாகலன்னா அண்ணன் வீட்டுக்குப் போயிடு. கோடை முடிஞ்சு வா."

மகன் பெங்களூரில் இருக்கிறான். பதினோராவது மாடி. குளிர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே ஒரு நர்சை அமர்த்துவார்கள், சக்கர நாற்காலி வரும், குளியலறைக்குள் ஒருத்தி கூடவே வருவாள். அதற்கு முந்தைய வருடம் பத்து நாள் இருந்துவிட்டு வந்தபோது நடந்தது அதுதான்.

"அங்க போனா நான் நடக்கறத மறந்துடுவேன்டி," என்றாள் என் மனைவி.

"இங்க இருந்து வுழுந்து வெச்சா?"

"வுழுந்தா அப்ப பாத்துக்கலாம்."

"அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா."

எனக்கு இரண்டு பக்கமும் பயம். மறுநாள் காலை ஏசியைப் பிடித்துக்கொண்டேன்.

பழுது பார்ப்பதில் எனக்கென்று ஒரு வரிசை உண்டு. கைக்கு எளிதானதில் தொடங்கிக் கடினமானதற்குப் போவது. முதலில் ரிமோட்டில் குளிர்விக்கும் முறையில்தான் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. ஜன்னல் கதவுகளின் இடுக்குகளில் கை வைத்துப் பார்த்தேன்; வெளிக்காற்று வரவில்லை. உள்பெட்டியைத் திறந்து இரண்டு பில்டரையும் கழற்றிக் கழுவி நிழலில் காயவைத்து மாட்டினேன். ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் பார்த்தேன். ஒரே சீராக நின்றது. எங்கள் ஊரில் அது நிற்காமல் வேறெங்கே நிற்கும்?

நான் ஸ்டெபிலைசரோடு மல்லுக்கட்டுவதை எதிர்வீட்டுக்காரர் வாசலில் இருந்தே பார்த்துவிட்டார். சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி, என்னைப் போலவே பிள்ளையின் குவார்ட்டர்ஸில் இருப்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஐம்பது வருஷம் ஆகியும் பேச்சை விடாதவர்.

"என்ன அண்ணாச்சி, கரண்டு பொறக்குத ஊருல ஒம்ம ஏசி படுத்துட்டாமே?"

"படுக்கலை. உக்காந்திருக்கு."

"கேஸ் போயிருக்கும். எல்லாத்துக்கும் கேஸ்தான். எனக்கும் கேஸ்தான்." வயிற்றைத் தட்டிக்காட்டிவிட்டுப் போனார்.

அடுத்து நான் பார்த்தது சொட்டு. உள்பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பின்பக்கத்துக்குப் போகிறது. அறைக்காற்றில் இருக்கும் ஈரம் தண்ணீராகி அதன் வழியே ஒரு வாளியில் சொட்டும். குளிர்ச்சி நன்றாக இருந்தால் சொட்டு வேகமாக விழும். குறைந்தால் சொட்டும் குறையும். மீட்டர் வாங்க வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். நன்றாக ஓடிய நாளில் நிமிடத்துக்கு அறுபதுக்குக் குறையாது. இப்போது காலையில் ஐம்பத்தெட்டு. மத்தியானம் இருபத்திரண்டு.

அந்த வாளியின் பக்கத்திலேயே என் பெருமைக்குரிய காரியமும் இருந்தது. கோடை தொடங்கியபோது நான் வெளிப்பெட்டிக்குத் தண்ணீர் விட ஏற்பாடு செய்திருந்தேன். வெளியே வைக்கும் பெட்டியின் வேலை, அறையிலிருந்து எடுத்துவந்த சூட்டை வெளிக்காற்றில் விடுவது. வெளிக்காற்றே நாற்பது டிகிரியில் இருந்தால் அது எப்படி விடும்? மின் நிலையத்தில் இதற்காகத்தானே ஊரே பார்க்கும்படி, தண்ணீரைத் தூவிச் சூட்டை இறக்கும் அவ்வளவு பெரிய கூலிங் டவர்களைக் கட்டி வைத்திருக்கிறோம்? தோட்டத்து ரப்பர் குழாயில் ஊசியால் முப்பத்தாறு துளைகள் போட்டு, பெட்டியின் பின்பக்கத்துத் தகடுகளின் மேலே கட்டிவிட்டேன். உச்சி வெயில் நேரத்தில் குழாயைத் திறந்தால் தூறல் போல விழும். முதல் வாரத்தில் சொட்டு எண்பதைத் தொட்டது. மகள் "சூப்பர்ப்பா" என்றாள். எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்து, துளைகள் எத்தனை என்று கேட்டுப்போய், தன் வீட்டிலும் அப்படியே செய்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு வீடுகள். தெருவில் நான்கு வெளிப்பெட்டிகளுக்குத் தினமும் மழை பெய்துகொண்டிருந்தது.

ஆகவே வெளிப்பெட்டியின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதைத்தான் நான் தினமும் குளிப்பாட்டுகிறேனே.

வடலூரில் இருக்கும் மெக்கானிக்குக்கு போன் செய்தேன். நாற்பது வயதுக்காரர், வாய் ஓயாது. கோடையில் அவரைப் பிடிப்பது கல்யாண நாளில் சமையல்காரரைப் பிடிப்பது மாதிரி. ஸ்பீக்கரில் போட்டேன்.

"கேஸ் கம்மியா இருக்கும் சார். சனிக்கிழம வந்து ஏத்திடறேன்."

கட்டிலில் இருந்தபடியே என் மனைவி குரல் கொடுத்தாள். "தம்பி, காலையில நல்லா குளுருது. மத்தியானந்தான் குளுரல. கேஸு இல்லன்னா காலையிலயும் இல்லாமத்தானே இருக்கணும்?"



"வெயில் நேரத்துல லோடு ஜாஸ்திங்கம்மா. கம்மியா இருந்தா அப்பதான் தெரியும்."

"அதுவும் சரிதான். ஆனா கேஸு குறையுதுன்னா எங்கயோ ஓட்டை இருக்குதுன்னு அர்த்தம். ஓட்டைய அடைக்காம ஏத்திகினே இருந்தா?"

"அம்மா டீச்சருங்களா?"

"இல்ல தம்பி. வூட்ல சும்மா உக்காந்துகினு இருக்கறவ."

"சும்மா உக்காந்துகினு இருக்கறவங்க இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்கம்மா. அளந்து பாத்துட்டே ஏத்தறேன், போதுமா?"

அவள் குறிஞ்சிப்பாடியில் பள்ளி இறுதி வரை படித்தவள். அறிவியலில் முதல் மதிப்பெண் வாங்கினாள் என்று அவள் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவள் சொன்னதில்லை. ஆனால் ஒரு பொருள் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கேட்காமல் அவளால் அதைத் தாண்டிப் போக முடியாது. மின் நிலையத்தில் இப்படிக் கேட்கத் தெரிந்த ஷிப்ட் இன்சார்ஜுகள் என் சர்வீஸில் இரண்டே பேர்.

சனிக்கிழமைக்குள் அவள் நடக்கும் நேரத்தை வெயிலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டாள். காலையில் அறை குளிர்ந்திருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வது. அதற்குப் பிறகு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது உடம்புக்கு ஆகாது என்று நான் தம்ளரோடு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"குடிச்சா போகணும். போகணும்னா நீங்க தூக்கணும். உங்க முதுகுக்கு ஆகாது, என் மனசுக்கும் ஆகாது. வெச்சிட்டுப் போங்க."

தம்ளர் அப்படியே இருந்தது. உதடு காய்ந்துபோயிருந்தது. பெங்களூருக்கு டிக்கெட் பார்த்துவிட்டதாக மகன் செய்தி அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் குளியலறையிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையை மூடியபடி வந்தாள். நடக்கும்போது அந்தக் கையால்தான் பிடித்துக்கொள்வாள். அன்று கதவு நிலையில் முழங்கையை ஊன்றி, பீரோவில் தோளைச் சாய்த்து, விரல்களைப் பிரிக்காமலே வந்து சேர்ந்தாள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"என்னத்த கையில மூடிக்கிட்டு வர்றே? விழுந்திருந்தா?"

"வுழலையே. கைய நீட்டுங்க."

என் உள்ளங்கையில் ஒரு சில்லை வைத்தாள். நகம் அளவு இருக்கும். சாம்பல் கலந்த வெள்ளை. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சின்னச் சின்னக் கட்டங்களின் அச்சு.

"சொவுத்துக் காரையா?"

"பாத்ரூம் ஜன்னல்ல அடிச்சிருக்கற கொசுவலையில, ஓரம் வுட்டுப்போன எடத்துல கைய வுட்டுப் பேத்து எடுத்தேன். அந்த வலை வழியா காத்தே வரலைங்க. ஏன்னு பாத்துகினு நின்னேன். வெளிப்பக்கம் கீழ் பாதி அப்படியே பூசுன மாதிரி அடச்சிகினு இருக்குது. மேல் பாதி சுத்தமா இருக்குது. கீழ் பாதிக்குப் பக்கத்துல என்னா இருக்குது?"

எனக்குப் பதில் தெரியும். அந்த ஜன்னலின் கீழ்ப்பாதிக்குப் பக்கத்தில்தான் வெளிப்பெட்டி இருக்கிறது. என் முப்பத்தாறு துளைத் தூறல் தெறிப்பதும் அங்கேதான்.

"சாம்பத் தூசிங்க," என்றாள். "இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து நான் வலைய முதல்ல காஞ்ச தொடப்பத்தாலதான் தட்டுவேன். தட்டி முடிச்சிட்டுத்தான் ஈரத்துணி. மொத ஈரத்துணி போட்டா ஒட்டிகினு வராதுன்னு வந்த ஒரே மாசத்துல தெரிஞ்சிகினேன். இந்த வருஷம் என்னால தட்ட முடியல. நீங்க தண்ணி வுட்டுட்டீங்க."

"வலைக்கு நான் தண்ணி விடலையே. ஏசிக்குத்தான்..."

"அதத்தான் சொல்றேன். வலையில ஆனது அங்கயும் ஆயிருக்கும் இல்ல?"

மின் நிலையப் பக்கமிருந்து காற்று வீசும் நாட்களில் எங்கள் ஊரில் எல்லாவற்றின் மேலும் மெல்லிய சாம்பல் தூசி படிவது வழக்கம். இலைமேல், கார்மேல், துணிமேல். நிலக்கரிச் சாம்பல்களிலேயே, இங்கே எரிக்கும் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தண்ணீர் பட்டுக் காய்ந்தால் அது தானாகவே சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அதை வைத்துச் செங்கல் செய்கிறார்கள். வேலையில் இருந்தபோது, சாம்பல் கொட்டும் தொட்டிகளில் ஈரம் புகுந்துவிட்டால் கடப்பாரை கொண்டுபோய் இடிக்க வேண்டியிருக்கும். எத்தனை முறை நின்று இடிக்க வைத்திருக்கிறேன். உலகத்தில் வேறெந்த ஊரில் ஏசிக்குத் தண்ணீர் விட்டிருந்தாலும் குளிர்ந்திருக்கும். இந்த ஊரில், அதிலும் கூலிங் டவரைப் பார்த்தே வயதான ஒருவனுக்குத்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஏசிக்குப் பூச்சு வேலை செய்யத் தோன்றும்.

அவள் முகம் பார்க்கும் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். வெளிப்பெட்டியின் முன்பக்கத்தில் விசிறி. அது பளிச்சென்று இருந்தது. சூட்டை வெளியேற்றும் தகடுகள் பின்பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி, ஒரு முழ இடைவெளிக்குள் இருக்கின்றன. அங்கே கண்ணாடியை நுழைத்துப் பார்த்தேன். காகிதம் போல் மெல்லிய அந்தத் தகடுகளை எண்ண வேண்டும் என்று நினைத்தேன். எண்ண முடியவில்லை. எண்ணுவதற்கு நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். மேலிருந்து கீழ் வரை ஒரே பலகையாக, வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றது.

உள்ளே வந்து சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப மூச்சு முட்டிகினு இருந்திருக்குது பாவம்," என்றாள். ஏசியைத்தான் சொன்னாள். "மொதல்ல தண்ணிய நிறுத்துங்க. மெக்கானிக் தம்பிக்குச் சொல்லிடுங்க, தண்ணி பீச்சற மிஷின் வேணாம், காத்து ஊதற மிஷின எடுத்துகினு வரட்டும்."

மறுநாள் சொன்னபடி மெக்கானிக் வந்தார். வரும்போதே மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அவர் கேஸின் அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டி, ஏசியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். முள் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. பெட்டி ஒருமுறை உறுமி, தானாக நின்றது.

"கேஸ் ஃபுல்லா இருக்குது சார். ஏத்தியிருந்தா இன்னும் மோசமாயிருக்கும். சூடு வெளிய போவ வழி இல்லாம கம்ப்ரஸர் தன்னத்தானே ஆஃப் பண்ணிக்குது. ஆறுனா மறுபடி போடுது. காலையில வெயில் இல்ல, சமாளிச்சுகினு ஓடுது."

அறை ஜன்னலுக்கு உள்ளிருந்து அவள் குரல் வந்தது. "போன்ல கேஸு கம்மின்னீங்களே தம்பி?"

"போன்ல தகடு அடச்சிருக்கறது தெரியாதுங்கம்மா! வீடியோ கால் போட்டிருக்கணும்."

அவர் குழாயைத் தூக்கிப் பார்த்தார். துளைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாரு சார் இந்த ஐடியா குடுத்தது?"

"நான்தான்."

"நல்ல ஐடியா சார். ஊட்டிலதான் செய்யணும்."

"ஊட்டில ஏசி எதுக்கு?"

"அதான் சார் நானும் சொல்றேன்."

பெட்டியைப் பிரித்து, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஊதி, இறுகியதைத் தகடு தகடாக எடுக்க வேண்டும். மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவரை ஏசி ஓடாது. மத்தியானம் முழுக்க ஏசி இல்லாமல் அவளா? சாயங்காலம் செய்யலாமா என்று கேட்டேன். சாயங்காலம் அவருக்குக் குறிஞ்சிப்பாடியில் வேலை, அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைதான். மகள் வைத்த கெடு ஞாயிறு.

உள்ளே போய் அவளிடம் சொன்னேன். அவள் அதற்குள்ளேயே எல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

"ப்ரிட்ஜ்ல இருக்கற ஐஸ எல்லாம் எடுங்க. ரெண்டு வாளி தண்ணி. துண்டு மூணு. ஃபேன இந்தப் பக்கம் திருப்புங்க. நான் ஜன்னல் பக்கம் நாற்காலியில உக்காந்துக்கறேன்."

கால்களை ஒரு வாளிக்குள் வைத்தாள். ஈரத்துண்டு ஒன்று பிடரியில், ஒன்று தலையில். மூன்றாவது அடுத்த வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. ஒன்று சூடானதும் மாற்ற வேண்டும். அவளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. தன் உடம்பை வைத்து அவளே கண்டுபிடித்துக்கொண்ட முறை. நான் வெளியே மெக்கானிக்கிடமும் உள்ளே அவளிடமுமாக ஓடினேன். வெப்பமானி முப்பத்திரண்டைத் தாண்டியது. துண்டு மாற்றும்போது, "விரலை அசை பாப்போம்" என்றேன். வாளிக்குள் வலது கால் விரல்கள் அசைந்தன. இடதில் பெருவிரல் மட்டும்.

"போதும் இது," என்றாள். "நீங்க அங்க போங்க. அவரு தனியா என்னா பண்றாருன்னு பாருங்க."

அவர் செய்த வேலை பார்க்கத் தகுந்ததாக இருந்தது. வாய் எவ்வளவு அவசரமோ கை அவ்வளவு நிதானம். ஒரு சீப்பு வைத்திருந்தார். தகடுகளின் இடைவெளிக்கென்றே செய்த சீப்பு. அதை மேலிருந்து கீழே ஒரே ஒரு தகட்டின் அகலத்துக்கு இழுத்து, நிறுத்தி, ப்ளோயரால் ஊதி, மறுபடி இழுத்தார். தகடு வளைந்தால் விரல் நுனியால் நிமிர்த்தினார். சாம்பல் சில்லுகளாகவும் மாவாகவும் கொட்டியது. என் முகம், அவர் முகம், கறிவேப்பிலைச் செடி எல்லாம் வெள்ளை.

சீப்பைப் பார்த்ததும் உள்ளிருந்து, "என்னாங்க அது, பேன் சீப்பா?" என்று கேட்டாள்.

"அதோட அக்கா பையன்மா இது."

"எங்கிட்ட பேன் சீப்பே இருக்குது, வேணுமா?"

"உங்க ஏசிக்குப் பேன் இல்லம்மா. பொடுகுதான்."

அவள் சிரித்தது வெளியே கேட்டது. முப்பத்திரண்டு டிகிரியில், ஒரு கால் மரத்துப்போய், காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறவளின் சிரிப்பு என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாற்பத்தேழு வருஷம் கூட இருந்தும், இவளை நான் இன்னும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை என்று அப்போது தோன்றியது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்தார். கொட்டிக் கிடக்கும் சாம்பலைப் பார்த்தார். ஒரு சில்லை எடுத்து விரலால் நெருடினார்.

"அண்ணாச்சி, எங்க வீட்லயும் ரெண்டு நாளா மத்தியானம் அனலாத்தான் வருது."

"தண்ணிய நிறுத்துங்க மொதல்ல," என்றேன்.

"நீருதானவே தொறக்கச் சொன்னீரு!"

மெக்கானிக் சீப்பை நிறுத்தினார். "சார், இந்தத் தெருவுல இன்னும் எத்தன வூட்டுல இந்த மழ பெய்யுது?"

"மொத்தம் நாலு," என்றேன்.

"அப்ப செவ்வாக்கிழம வேற எங்கயும் போவல. இங்கயே வந்துடறேன். சீசன் முழுக்க எனக்கு வேல குடுத்துட்டீங்க சார்."

கடைசியில் மிச்சமிருந்த பூச்சுக்கு ஏதோ ஒரு மெல்லிய திரவத்தைத் தெளித்து, நுரைக்கவிட்டு, துணியால் ஒற்றி எடுத்தார். தண்ணீரே ஊற்றவில்லை. பெட்டியை மூடித் திருகாணிகளை முடுக்கினார். பத்துத் திருகாணி, பத்தும் தன் தன் இடத்துக்குத் திரும்பின. ஓடவிட்டார். முன்பக்கம் கை வைத்தேன். பலமான, சூடான காற்று உள்ளங்கையைத் தள்ளியது. அனல் வெளியே வருவதைக் கண்டு நான் அதற்கு முன் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"உள்ள போய் அம்மாவக் கேளுங்க," என்றார் மெக்கானிக். "அவங்க சொன்னாத்தான் நான் கௌம்புவேன்."

உள்ளே போனேன். அவள் கண்களை மூடி, முகத்தைக் காற்றின் பக்கம் தூக்கி வைத்திருந்தாள். ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் போய் வாளியில் விழும் சொட்டை எண்ணினேன். நாற்பது. கொஞ்சம் பொறுத்து ஐம்பத்தொன்று. வெளியே வெயில் அப்படியே இருந்தது. அறைக்குள் திரும்பும் முன் கடைசியாக எண்ணியபோது அறுபத்தாறு.

அவள் வாளியிலிருந்து கால்களை எடுத்துத் தரையில் வைத்திருந்தாள். இடது காலின் ஐந்து விரல்களும் தரையைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் அவற்றை எண்ணுவதைப் பார்த்துவிட்டு, "அஞ்சுதான். போன வாரமும் அஞ்சுதான்," என்றாள்.

மெக்கானிக்கை அனுப்பிவிட்டு வந்தேன். மகனுக்கு டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையை நீட்டினாள். தூக்கிவிடச் சொல்கிறாள் என்று பதறிக் குனிந்தேன்.

"உங்களையில்ல. தம்ளர எடுங்க."

ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள். பிறகு உடம்பு குளிரும் வரை காற்று வரும் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். வெப்பமானியை ஒருமுறை பார்த்தேன், அவளைப் பலமுறை பார்த்தேன்.

நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தாள். பீரோ. நிலை. நான் பின்னாலேயே போனேன். கைகளை விரித்துக்கொண்டு, விழுந்தால் பிடிக்கிற மாதிரி. இடது கால் தரையில் இழுபடவில்லை. தூக்கி வைத்து நடந்தாள். மத்தியானத்தில், வெயிலின் உச்சத்தில், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

நான் கதவருகே நின்றேன்.

"அங்கயே நிக்காதீங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "போய் மொகத்தக் கழுவுங்க. சாம்ப பூசிகினு நிக்கறீங்க."

"கழுவலாமா, இல்ல மொதல்ல தொடப்பத்தால தட்டணுமா?"

"தட்டிட்டுக் கழுவுங்க," என்றாள்.